வரிசைப்படுத்திய கால்கள்

மைக்ரோகன்ட்ரோலர் சில்லின் எந்த உலோகக் காலுக்கு எந்த வயர் என்று தீர்மானிக்கும்போது, விளக்கத்தாளில் உள்ள எண்களை, எவ்வளவு தாறுமாறாக இருந்தாலும், அப்படியே எழுதிக்கொள்வேன். இந்தப் பணிவுக்குக் காரணம் எனக்குப் பத்து வயதில், இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நடந்தது.

அந்த வருடம் கோயில் தேரில் அம்மன் தலையைச் சுற்றிப் பத்துச் சிவப்பு லைட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் என்று அண்ணன் கோயில் தலைவரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். பரீட்சையில் தவறி வீட்டிலிருந்த அவரை எங்கள் லயத்து வீடுகளில் யாரும் நம்பவில்லை. "இவன் செஞ்ச ரேடியோவே இன்னும் இருமிக்கிட்டு கெடக்கு" என்றார் அப்பா.

லைட்டுகளை ஓட்டுவது பதினாறு கால் கொண்ட ஒரு சின்ன ஐ.சி. சில்லு. அதன் கால்களில் அண்ணன் வயர்களைப் பற்றவைத்து, ஒவ்வொன்றிலும் கால் எண்ணை ஒட்டியிருந்தார். அவற்றை லைட்டுகளோடு முறுக்குவது என் வேலை. வரிசையை ஓர் அட்டையில் கிறுக்கித் தந்துவிட்டுத் தேர்ச் சோடனைக்குப் போய்விட்டார்: மூன்று, இரண்டு, நான்கு, ஏழு, பத்து, ஒன்று...

அப்படியே முறுக்க எனக்குக் கை கூசியது. சட்டைப் பட்டனைக்கூட மாற்றிப் போடுகிறவர், எண்களையும் சிதறவிட்டிருக்கிறார் என்று நினைத்தேன். ஒன்றில் தொடங்கி ஏறுவரிசையில் அழகாக ஒரு நகல் எடுத்து, அதன்படி முறுக்கினேன். நகலை ஐ.சி. இருந்த பெட்டிக்குள்ளேயே வைத்தேன். அந்த ஐ.சி. மூன்றாம் காலில் தொடங்கி, அண்ணன் எழுதிய அதே கோணல் வரிசையில்தான் மின்சாரம் விடும் என்பது எனக்குத் தெரியாது.

சோதித்துப் பார்க்க நேரமில்லை. தேர் புறப்படும்போது அண்ணன் சுவிட்சைப் போட்டார். லைட் ஓடவில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துள்ளியது.

"என்னடா தம்பி, தவளை மாதிரி குதிக்குது? யாரு வயரு குடுத்தது?" என்றார் தலைவர்.

அண்ணன் பெட்டியைத் திறந்தார். என் நகலை ஒரு நிமிடம் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நான்தாங்க. கவனிக்காம மாத்திட்டேன்."

தலைவர் வாயைத் திறப்பதற்குள் தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்தவர் கத்தினார்: "லைட்டுக்கும் அருள் வந்திருச்சுடோய்!"

கூட்டம் சிரித்தது. லைட்டின் துள்ளலுக்கேற்பத் தப்பும் துள்ளியது. கடைசியில் தலைவரே, "இருக்கட்டும்டா, அடுத்த வருசமும் இதே ஆட்டந்தான்" என்று அண்ணன் முதுகில் தட்டினார்.

நான் பக்கத்திலேயேதான் நின்றேன். வயரை முறுக்கியது யார் என்பதைக்கூட இந்த அண்ணன் அதற்குள் மறந்துவிட்டாரே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். மறுநாள் அதையும் அவருடைய கவனக்குறைவுகளில் ஒன்றாக என் கொப்பியில் எழுதிவைத்தேன்.