இசக்கி அக்காவின் நான்காவது முடிச்சு

செல்லத்துரையின் அழைப்பு வந்தபோது முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். எங்கள் பழைய ஜீப் ஓட்டுநர். வருடத்துக்கு ஒருமுறை பொங்கலன்று மட்டும் பேசுகிறவன், ஆவணி மாதத்தில் காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டால் நல்ல செய்தியாக இருக்காது என்று தெரியும்.

"சார்வாள், நம்ம இசக்கி அக்கா விடியக்காலம் போயிட்டாவ. இலத்தூர் வீட்லதான். தூக்கத்துலயே."

ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி வந்து யார் என்று கேட்டாள். "எங்க லேப் இசக்கி" என்றேன். பெரிய கோபக்காரன் என்று பெயரெடுத்தவன் நான். அன்று காலை முழுக்க அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

தென்காசி மலேரியா பிரிவில் எங்களோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கு இசக்கியம்மாளைத் தெரியும். அவருடைய சிரிப்பு தெரியும், வாய்த்துடுக்கு தெரியும், டிபன் பாக்ஸில் கொண்டுவரும் தேங்காய்ப்பால் சொதி தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன். அது எனக்குப் பெருமை சேர்க்கிற கதை அல்ல.

எண்பதுகளின் தொடக்கம். மலேரியா ஒழிந்தே போயிற்று என்று எல்லோரும் நம்பியிருந்த காலம் முடிந்து, எழுபதுகளில் அது திரும்பவும் தலைதூக்கியிருந்தது. சிலருக்கு குளோரோகுயின் மாத்திரை கேட்டது, சிலருக்குக் கேட்கவில்லை. ஒரே தெருவில், ஒரே காய்ச்சலில், ஏன் இந்த வித்தியாசம்? மலேரியாக் கிருமி எல்லா உடம்பிலும் ஒன்றேதானா, அல்லது அதற்குள்ளேயே பல வகைகள் உண்டா? இதை ஆராயத்தான் என்னைத் தென்காசிக்கு அனுப்பியிருந்தார்கள். மலேரியா அலுவலகத்துக்குப் பின்னால் இரண்டு அறைகள் கொடுத்தார்கள். கூடவே சுகாதாரத் துறையிலிருந்து மாற்றுப்பணியில் ஒரு லேப் டெக்னீஷியனையும் கொடுத்தார்கள். இசக்கியம்மாள் என்னைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் ஊரே அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். அவர் என்னை சார்வாள் என்றார். ஆறு வருடமாகத் தற்காலிக ஊழியர். வேலை நிரந்தரமாகும் உத்தரவுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

குற்றாலத்தில் ரத்தம் எடுப்பது மற்ற ஊர்களைப் போல அல்ல. சீசனில் எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளிகள் நாள் முழுக்கக் கை எண்ணெயிலேயே ஊறிக்கிடப்பார்கள். விரல் நுனியில் குத்தினால் சொட்டு திரளாது, வழுக்கிக்கொண்டு வழியும். நான் ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்துத் தோற்றுப்போனேன். அக்கா ஒரு காகிதப் பொட்டலத்தில் சீயக்காய்த் தூளோடு வந்தார். "கைய நீட்டுங்கண்ணே, கல்யாண மாப்பிள்ளைக்குத் தேச்சுவிட்ட மாதிரி தேச்சுவிடுதேன்" என்று விரலைக் கழுவி, அப்புறம் ஸ்பிரிட் தடவி, ஒரே குத்து. சொட்டு முத்து முத்தாக வந்தது. வெட்கமாகப் போயிற்று எனக்கு. மறுநாளிலிருந்து என் பையிலும் சீயக்காய்ப் பொட்டலம் இருந்தது.

சாரலும் எண்ணெயும் சேர்ந்தால் குழாயில் ஒட்டிய சீட்டின் மை நிற்காது. அதற்கும் அவரிடம் வழி இருந்தது. ஒவ்வொரு குழாயின் கழுத்திலும் தையல் நூலைக் கட்டுவார். ஆளுக்கு ஒரு நிறம், நாளுக்கு ஒரு முடிச்சு. முதல் நாள் ரத்தம் என்றால் ஒரு முடிச்சு, அடுத்தது என்றால் இரண்டு. "இது ஆய்வுக்கூடம், பூக்கடை இல்லை" என்று சொல்லிவிட்டு நான் அந்த நூல்களைக் கத்தரித்துக் குப்பைக்கூடையில் போடுவேன். அவர் அலுக்காமல் மறுபடி கட்டுவார். "உங்க பேனா உங்களுக்கு, என் நூலு எனக்கு" என்பார்.

கொசு பிடிக்க விடியற்காலையில் இலத்தூர் மாட்டுத் தொழுவங்களுக்கும் குற்றாலத்து ஓடைக்கரை வீடுகளுக்கும் போவோம். உறிஞ்சு குழாயும் டார்ச்சும்தான் ஆயுதம். திரும்பி வந்து கொசுவை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, ஊசி முனையால் எச்சில் சுரப்பியை முழுதாக உருவி எடுப்பார். எனக்கு மூன்றில் ஒன்று கிழிந்துபோகும், அவருக்குக் கிழியாது. ஒருமுறை செல்லத்துரை, "எக்கா, மனுசன் ஒடம்புலதான் கிருமி பெருகுதுன்னா, கொசுவுக்குள்ள அதுக்கு என்ன சோலி?" என்று கேட்டான். அக்கா கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "ஏலே, நம்ம ஒடம்புல அதுக்கு ஆக்கிப்போட்ட சோறுதான். கல்யாணம் நடக்கது கொசு வயித்துலதான். ரெண்டு வகைக் கிருமி ஒரே கொசுக்குள்ள போச்சுன்னு வையி, சம்பந்தம் முடிச்சு, ரெண்டு சாயலும் கலந்து பிள்ள பெத்துட்டு வெளிய வரும்." நான் பிற்பாடு எத்தனையோ கருத்தரங்குகளில் படம் போட்டு அரைமணி நேரம் விளக்கியது இதைத்தான்.

கிருமியை இரண்டொரு நாள் வளர்த்தால்தான் வகை பார்க்க முடியும். கண்ணாடி ஜாடிக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி மூடினால், அது காற்றைத் தின்று அணையும்போது கிருமிக்கு ஏற்ற காற்று உள்ளே மிஞ்சும். ஆனால் வளர அதற்கு மனித ரத்தம் வேண்டுமே. அக்காவுக்கு ஓ பிரிவு. எவர் உடம்பிலிருந்து வந்த கிருமிக்கும் ஒத்துப்போகும். அவராகவே கையை நீட்டினார். முதல் மூன்று வருடமும் எங்கள் ஜாடியில் வளர்ந்த அத்தனை கிருமியும் அவருடைய ரத்தத்தைத் தின்று வளர்ந்தவைதான்.

இனி பரமசிவம் விஷயத்துக்கு வருகிறேன். மெயினருவிப் பக்கம் எண்ணெய் தேய்க்கிறவர். ஆள் பனைமரம் மாதிரி இருப்பார். அந்த ஆனிச் சாரலில் நல்ல கூட்டம். திங்கட்கிழமை போனபோது ஒரு கொட்டகையில் கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கிடந்தார். "எம்மா, குளிரு எலும்ப உலுக்குது. சீசன் போச்சுன்னா எம் புள்ளைக்கு இந்த வருசம் சட்டை கிடையாது" என்றார். மாத்திரை கொடுத்தோம். திங்கள் ஒரு குழாய், செவ்வாய் ஒரு குழாய் ரத்தம் எடுத்தோம்.

கிருமியைச் சிதைத்து, மாவுச்சத்தில் செய்த கூழ்ப் பலகையில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், அதன் நொதி கொஞ்ச தூரம் ஓடிப்போய் ஒரு கோடாக நிற்கும். வகைக்கு வகை கோடு நிற்கும் இடம் மாறும். வியாழக்கிழமை பலகையைப் பார்த்தேன். திங்கட்கிழமைக் குழாய்க்குக் கோடு ஓரிடத்தில் நின்றது. செவ்வாய்க்கிழமைக் குழாய்க்கு வேறிடத்தில் நின்றது. ஒரே மனிதர், ஒரு நாள் இடைவெளி, எப்படி வேறு கிருமி வரும்? குழாய்ச் சீட்டைப் பார்த்தேன். எண்ணெய் பட்டு மை கலங்கியிருந்தது. போதாதா எனக்கு!

செல்லத்துரை முன்னால், கூட்டிப் பெருக்கும் அம்மா முன்னால், அக்காவைக் கத்தித் தீர்த்தேன். "வேறு யாருடைய ரத்தத்தையோ மாற்றி வைத்துவிட்டு நிற்கிறீர்கள். இதுதான் ஒன்பது வருட அனுபவமா?" என்றேன். அக்கா முகம் சிவந்துபோயிற்று.

"மை அழிஞ்சிருக்கலாம் சார்வாள். நான் மைய நம்புத ஆளா? ரெண்டு குழாய்லயும் செகப்பு நூலு கட்டியிருந்தேன். நீங்கதான் வெட்டிப்போட்டிய."

"நூலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?"

"அப்பம் நாளைக்கு நீங்களே வந்து எடுங்க. நான் தொடவே மாட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை நானே எடுத்தேன். பென்சிலால் எழுதி, என் சட்டைப்பையில் வைத்து, நானே ஜாடிக்குள் வைத்தேன். அவர் பக்கத்தில் நின்று மூன்று முடிச்சுப் போட்ட சிவப்பு நூலை மட்டும் கட்டிவிட்டார். ஆனால் பரமசிவத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. மாத்திரைக் கெடு முடிந்தும் காய்ச்சல் இறங்கவில்லை. கண் மஞ்சளித்திருந்தது. அங்கே இல்லாத யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை மறுபடி கொட்டகைக்குப் போனோம். அக்கா பிடிவாதமாகச் சொன்னார். "மாத்திர கேக்கல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி கொய்னா ஊசி போடணும். இப்பமே."

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மாற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. "இன்னும் ஒரு நாள் பொறுங்கள். குயினைன் உள்ளே போய்விட்டால் ரத்தம் பயன்படாது. இன்றைக்கு நாலாவது குழாயும் நாளைக்கு இன்னொன்றும் கிடைத்தால், நீங்கள் தப்புச் செய்யவில்லை என்று உங்களுக்காகவே நிரூபிக்கலாம்" என்றேன். அவருக்காகத்தானாம்! என் ஆராய்ச்சிக்காக என்று சொல்ல வாய் வரவில்லை.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "எம்பேரு கெட்டா கெட்டுட்டுப் போவுது சார்வாள். நாலு நாள் கழிச்சுக் கழுவிக்கிடலாம். இவுக போயிட்டா யாரு கொண்டாந்து தருவா?" என்றார். செல்லத்துரை பக்கம் திரும்பினார். "ஏலே செல்லத்துரை, அந்தக் காலப் பிடி" என்றார். இரண்டு பேருமாக அந்த ஆளைத் தூக்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். சாரலில் தனியாக நின்றேன். கையில் காலிக் குழாய்.

கோபம் தலைக்கேறிவிட்டது. பஸ் பிடித்து அலுவலகம் வந்து, அவருடைய துறைக்குக் கடிதம் தட்டினேன். கவனக்குறைவு, கீழ்ப்படியாமை, திரும்ப அழைத்துக்கொள்ளவும். நிரந்தர உத்தரவுக்குக் காத்திருக்கும் ஒருவருக்கு அது என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் தபாலில் போட்டேன். லேபைப் பூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை வந்து திறந்தேன். வழக்கமாகச் சனிக்கிழமையே சிதைத்திருக்க வேண்டிய மூன்றாவது குழாயின் கிருமி, என் கோபத்தின் புண்ணியத்தில் இரண்டு நாள் கூடுதலாக வளர்ந்து கிடந்தது. வேண்டாவெறுப்பாகப் பலகையில் வைத்தேன். மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது. சாயங்காலம் சாயமேற்றிப் பார்த்தால் ஒரே குழாயில் இரண்டு கோடுகள்! திங்கட்கிழமைக் கோடும் இருந்தது, செவ்வாய்க்கிழமைக் கோடும் இருந்தது. நானே எடுத்து, என் பையிலேயே சுமந்து வந்த குழாய் அது. யார் மேல் பழி போடுவேன்?

ஒரே மனிதரின் உடம்பில் இரண்டு வகைக் கிருமிகள் குடியிருந்திருக்கின்றன. ஒருநாள் ஒரு கூட்டம் விரல் ரத்தத்தில் தெரியும். மறுநாள் அது உள்ளுறுப்புகளின் நுண்குழாய்களில் ஒட்டிப் பதுங்கிக்கொள்ள, மற்றக் கூட்டம் வெளியே வரும். மூன்றாவது குழாயில் கொஞ்சமாக இருந்த வகையும் அந்த இரண்டு நாளில் பெருகித் தெரிந்துவிட்டது. எதைத் தேடி நான் தென்காசிக்கு வந்தேனோ, அது வியாழக்கிழமையே என் பலகையில் கிடந்தது. அதைப் பிழை என்று சொல்லி, கொண்டுவந்து கொடுத்தவரைத் திட்டியிருக்கிறேன். மடையன்.

நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பரமசிவம் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "இன்னும் ஒரு நாள் போயிருந்தா மூளையத் தொட்டிருக்கும், ஆளு மிஞ்சியிருக்க மாட்டாருன்னு டாக்டர் சொல்லுதாவ" என்றாள் அவர் பெண்சாதி. நான் கேட்டது அந்த ஒரு நாளைத்தான். வராந்தாவில் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

மறுநாள் மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். கடிதம் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. "தப்பு உங்களுதுன்னு கைப்பட எழுதிக் குடுங்க, பாப்போம்" என்றார் அதிகாரி. ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பழைய கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்து என்னிடமே தந்தார். அதை எடுத்துக்கொண்டு இலத்தூர் போனேன். அக்கா வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். கடிதத்தைக் கையில் கொடுத்து, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். இரண்டு கோடு வந்ததையும் சொன்னேன்.

முதலில் அவர் சிரித்த சிரிப்பில் சுளகிலிருந்த உளுந்து சிந்தியது. "ரெண்டும் ஷிப்டு மாத்தி வேல பாத்திருக்குவோ! மூணு வருசமா எஞ் சோத்தத் தின்னு வளருதுலா, கிருமிக்கும் நன்றி இருக்கு பாத்தியளா சார்வாள். என்னக் காட்டிக்குடுக்கல" என்றார். அதற்கப்புறம்தான் அழுதார். கொஞ்ச நேரம் நன்றாகவே அழுதார். நான் உளுந்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடக் கடைசியில் அவர் வேலை நிரந்தரமாயிற்று. நான் எழுதிய ஆய்வறிக்கையில் அவர் பெயரை என் பெயருக்குப் பக்கத்தில் போட்டேன். மேலிடத்தில் முகம் சுளித்தார்கள், சுளிக்கட்டும் என்று விட்டேன். பரமசிவம் அடுத்த சீசனில் எங்கள் இருவருக்கும் ஆளுக்கு ஒரு தூக்குச் சட்டி பலாச்சுளை கொண்டுவந்து கொடுத்தார். ஒருநாள் பொறுக்கச் சொன்னவன் நான் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. அக்கா சொல்லவில்லை. உங்கள் யாரிடமும்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

இப்போது நான் சொல்லிவிட்டேன். ஒரு மனிதனின் சாவு என் தலையில் விழாமல் என்னைத் தடுத்தவர் அவர். இந்த நாற்பது வருடத்தில் நான் நிம்மதியாகத் தூங்கிய ஒவ்வொரு இரவும் அவர் எனக்குக் கொடுத்தது.

அன்று இலத்தூரில் நான் கிளம்பும்போது, அந்தக் கடிதத்தை அக்கா சுருட்டி, தையல் டப்பாவிலிருந்து சிவப்பு நூலெடுத்துச் சுற்றிக் கட்டி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இத வெட்டிப்போட்டுறாதிய" என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். நான்கு முடிச்சுகள். அவர் எடுக்க விடாத அந்தச் சனிக்கிழமை.

கடிதம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நூல் வெளுத்து ரோஜா நிறமாகிவிட்டது. முடிச்சை நான் அவிழ்க்கவில்லை.