தண்ணி பெயிண்டர்

அந்தத் தெருவில் பெயிண்டர் வீடு எது என்று கேட்டால், "யாரு, தண்ணி பெயிண்டரா?" என்றுதான் எதிர்க்கேள்வி வரும். பாவம் மனுஷன், ஒரு சொட்டு வாயில் வைத்தவரில்லை. வேலை முடிந்த வீடுகளில் டப்பாவின் அடியில் ஒட்டிக் கிடக்கும் பெயிண்டைச் சுரண்டி வந்து, தாராளமாகத் தண்ணீர் கலந்து, கேட்டவர் வீட்டுச் சுவரிலெல்லாம் படம் போட்டுக் கொடுப்பார். அதற்குக் கிடைத்த பட்டம் அது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

பண்டிகை விடுமுறையன்று, அவர் மகள் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பையனின் அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக வீட்டுக்கு வருவதாக இருந்தது. பையனின் அப்பா, கூடப்பிறந்த அண்ணனைக் குடிக்குப் பறிகொடுத்தவர். குடி என்ற பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவாராம். பெயிண்டர் மனைவி வீடு வீடாகப் போய், "இன்னிக்கு ஒரு நாள் அந்தப் பட்டப்பேரைச் சொல்லித் தொலைக்காதீங்க" என்று கெஞ்சிவிட்டு வந்தாள். தெரு முழுக்கச் சொன்னவள், புருஷனிடம் சொல்ல மறந்துவிட்டாள்.

சொல்லியிருந்தாலும் அவருக்கு எங்கே காது கேட்டிருக்கும்? விடிந்ததிலிருந்து முன்னறைச் சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சுவர் நிறைய ஒரு பண்டிகைத் தெரு. சர விளக்குகள், பலூன்கள், நடுத்தெருவில் நீளமாக ஒரு மேசை, சுற்றிலும் சிரிக்கிற ஜனங்கள். விளக்கு இருக்கும் இடத்தில் வெள்ளைச் சுவரை அப்படியே விட்டு, சுற்றி மஞ்சளை நீர்க்க ஓடவிட்டிருந்தார். பார்க்கவே மனசு துள்ளியது.

வந்தவர்கள் சுவரைப் பார்த்து அசந்து நின்றார்கள்.

"அடேயப்பா! நீங்களேவா போட்டீங்க?" என்றார் பையனின் அப்பா.

பெயிண்டருக்குத் தலைகால் புரியவில்லை. "நான் எங்கங்க போட்டேன், எல்லாம் தண்ணி பண்ற வேலை! தண்ணி இல்லேன்னா எனக்குக் கையே ஓடாது."

"தினமுமா?"

"வேலை முடிஞ்சு வந்ததும் கொஞ்சம். விசேஷ நாள்னா காலையிலேயே ஆரம்பிச்சுடுவேன்."

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். வந்தவர் முகம் கறுத்து, செருப்பைத் தேடி மாட்ட ஆரம்பித்தார். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கெட்டிக்காரி. சுவரோரம் இருந்த தண்ணீர் மக்கைத் தூக்கிக்கொண்டு வாசலை மறித்தாள்.

"மாமா, இதுதான் எங்கப்பாவோட தண்ணி. குழாய்த் தண்ணி! அப்பா, பிரஷ்ஷை எடுங்க. இவங்க ரெண்டு பேரையும் அந்த மேசையில உக்கார வைங்க."

பெயிண்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் படம் போடச் சொன்னால் மறுக்கவா போகிறார்? பெயிண்டில் தண்ணீரை ஊற்றிக் கலக்கினார். நாலே இழுப்பில் மேசையருகே ஒரு வழுக்கைத் தலை. பக்கத்தில் பச்சைப் புடவை.

முதலில் சிரித்தது பச்சைப் புடவையில் வந்திருந்த பையனின் அம்மாதான். "மூக்கு அப்படியே உங்க மூக்குங்க!" என்று புருஷனை இடித்தார். அவர் மக்கை வாங்கி முகர்ந்து பார்த்தார். மறுபடி முகர்ந்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

செருப்பை மறுபடி ஓரமாக விட்டுவிட்டு வந்து, பெயிண்டர் தோளில் கை போட்டார்.

"எங்க வீட்டுச் சுவரும் வெறுமனேதான் கிடக்கு. ஒரு நாள் வந்து தண்ணி அடிச்சுட்டுப் போங்க, சம்பந்தி!"