சீதையம்மனிடம் பூக் கேட்ட நாள்

ஊர் சுற்றிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் மற்றவர்கள் செய்கிற காரியம். எல்ல என்கிற ஊரில் வெள்ளைக்காரர்கள் ரயில் வாசலில் தொங்கிக்கொண்டு படம் எடுப்பார்கள். படத்தில் பின்னால் தெரிகிற தேயிலை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நிற்பது நாங்கள். பதுளையில் ஒரு துணிக்கடையில் பதினோரு வருடமாகச் சேலை விரித்துக் காட்டுகிற நான், அங்கே இருக்கிற ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்தது கடைக் காலண்டரில்தான். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட இல்லாத இடம். போய் என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

அதனால்தான், குவைத்துக்குப் போவதற்கு முன் இதையெல்லாம் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று என் தங்கச்சி சொன்னபோது எங்களால் மறுக்க முடியவில்லை.

அவள் வீட்டு வேலைக்குப் போகிறாள். பாஸ்போர்ட் வந்தாயிற்று, மெடிக்கல் முடிந்தாயிற்று, எந்த வாரமும் டிக்கட் வரலாம் என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். தோட்டத்தில் மாதத்தில் பாதி நாள்தான் வேலை. கொழும்பில் ஹோட்டல் வேலை என்று போன புருஷன் இரண்டு வருடமாக ஒரு போன்கூட எடுக்கவில்லை. நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. மழை வந்தால் தோட்டத்து வரிசை வீடான லயத்து அறையில் எந்த மூலையில் பாயைப் போடுவது என்று அந்தக் குழந்தைக்கே தெரியும்.

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போகாதே என்கிறவளுக்கு, போகாமல் என்ன செய்வது என்றும் சொல்லத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியவில்லை. ஊரில் எல்லாருக்கும் வாய் கொடுக்கிறவள் நான்; கடையில் முதலாளியே என்னிடம் பார்த்துத்தான் பேசுவார். அவளிடம் மட்டும் ஊமையாக இருந்தேன்.

அம்மாவும் போ என்று சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. தன்னால் தீர்க்க முடியாத எதையும் அம்மா சாமியிடம் தள்ளிவிடுவாள்.

"சீதையம்மன்கிட்ட பூக் கேப்போம்," என்றாள். "வெள்ள வந்தா போ. செகப்பு வந்தா போகாத."

பூக் கேட்பது எங்களில் எல்லாரும் செய்வதுதான். ஒரே மாதிரி இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. சாமி காலடியில் வைத்துக் கும்பிட்டு, விவரம் தெரியாத ஒரு சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். எங்கள் அக்கம்பக்கத்தில் பாதிக் கல்யாணம் இப்படித்தான் முடிவானது.

தங்கச்சி சிரித்தாள். "நல்ல ஆளத்தான் புடிச்ச. கடல் தாண்டி வந்து மாட்டிக்கிட்டா எப்புடி இருக்கும்னு அவளுக்குத்தான் தெரியும்." பிறகு, "சரிம்மா, அம்மன் வேணாம்னு சொன்னா நான் போகல," என்றாள்.

அவள் பேச்சில் பாதி கேலியாகத்தான் இருக்கும். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வேன் பிடித்துப் போனோம். நான், தங்கச்சி, அம்மா, குழந்தை. பாலத்தில் பனிமூட்டம். முதல் மூன்று வளைவுதான் தெரிந்தது, மற்றதைக் காலண்டரை நினைத்து நிரப்பிக்கொண்டேன். குழந்தை ரயில் எங்கே என்று கேட்டுக் கேட்டு, ரயில் வந்த நேரம் பயந்து அழுதது. தங்கச்சி அதைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்து ஓரத்தில் நின்று, தானும் ஒரு வெள்ளைக்காரி மாதிரி கையை ஆட்டினாள். ரயிலிலிருந்து யாரோ திருப்பி ஆட்டினார்கள். அதற்கு அவள் பட்ட சந்தோஷத்தைப் பார்த்தபோது எனக்கு எரிச்சலாக வந்தது. யார் மீது என்று தெரியாத எரிச்சல்.

வெலிமடை வரும்வரை அம்மா ஒவ்வொரு வளைவுக்கும் கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தாள். மலையிலேயே பிறந்து மலையிலேயே கிடக்கிறவளுக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. வெலிமடையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். அம்மா இறங்கும்போது ஒரு பையை என் மடியில் வைத்தாள். வீட்டு வாசலில் பறித்த ரோஜா, ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு; கசங்கினால் மாற்றிக்கொள்ளச் சிவப்பில் இன்னொன்றும் கிடந்தது. கூட வாழை இலையும் நூலும்.

"எனக்குக் கை நடுங்குது. நீ கட்டிரு," என்றாள்.

அவர்களும் டிரைவரும் கடைக்குள் போனார்கள். நான் மட்டும் வேனில். பக்கத்துச் சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, தாயின் சால்வையைக் கைக்குள் சுருட்டிப் பிடித்தபடி. இறங்கும்போது அந்தப் பிடியை விடுவிக்க முடியாமல், தங்கச்சி சால்வையை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். அன்று பூசாரி வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு ரோஜாவை வைத்துக் கட்டினேன். வெள்ளையை என் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். என் கை நடுங்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

சீதா எலியவில் சீதையம்மன் கோயிலில் கூட்டம். இந்தியாவிலிருந்து வந்த ஆட்கள் ஆற்றுப் பாறையில் அனுமார் பாதத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐயர் இரண்டு பொட்டலத்தையும் வாங்கி அம்மன் காலடியில் வைத்து, தீபம் காட்டிவிட்டுத் தட்டில் நீட்டினார். அம்மா குழந்தையின் முதுகில் கையை வைத்து, "எடு கண்ணு," என்றாள். அது இரண்டையும் எடுக்கப் பார்த்தது. "ஒன்னுதான்," என்று தங்கச்சி சொன்ன குரல் அவள் குரல் மாதிரியே இல்லை.

குழந்தை எடுத்ததை ஐயர் பிரித்தார். சிவப்பு. தட்டில் மிஞ்சியதை நான் முந்திக்கொண்டு எடுத்து ஆற்றில் விட்டேன்.

அம்மா தரையில் விழுந்து கும்பிட்டாள். தங்கச்சி அழுவாள், இல்லை ஏதாவது கிண்டல் சொல்லுவாள் என்று பார்த்தேன். அவள் குழந்தையைத் தூக்கி, அதன் கழுத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

நுவரெலியா போகும் வழியெல்லாம் அவள்தான் பேசினாள். நாளைக்கே ஏஜென்சிக்காரனுக்குப் போன் போட்டுப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்க வேண்டும். திட்டுவான், திட்டட்டும். வெலிமடையில் மரக்கறித் தோட்டத்தில் ஆள் கேட்கிறார்களாம், அங்கே போய்ப் பார்க்கலாம். தையல் பழகலாம். "நீ கடையில துணி வாங்கிக் குடு, நான் தைக்கிறேன், என்னாக்கா?" என்று என் தோளில் இடித்தாள். இத்தனை யோசனையை இவள் எங்கே வைத்திருந்தாள் என்று ஆச்சரியமாக இருந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். பொய் சொன்னாலும் நல்லதுக்குத்தானே சொன்னேன்.

நுவரெலியா வாவியில் அன்னப்பறவை மாதிரிப் படகில் தங்கச்சியும் குழந்தையும் போய் வந்தார்கள். நானும் அம்மாவும் கரையில் குளிரில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்த குழந்தைக்கு மூக்கு ஒழுகியது. அம்மா அதைக் கூட்டிக்கொண்டு மட்டக் குதிரையைக் காட்டப் போனாள். போகும்முன் மூக்கைத் துடைத்துவிட லேஞ்சி தேடி, தங்கச்சி என் கைப்பையைத் திறந்தாள்.

கசங்கிய வெள்ளை ரோஜாவை வெளியே எடுத்தாள். அதைப் பார்த்தாள். அம்மாவும் குழந்தையும் தூரம் போனதும் கேட்டாள்.

"ரெண்டுலயும் செகப்பா?"

"ஆமா."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அது எனக்கு வரும். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினாள்.

"நிக்கிறதுக்கு ஒரு காரணம் கெடைக்காதான்னுதான்க்கா நான் வந்தேன். நெசமா செகப்பு வந்திருந்தா நின்னுருப்பேன். என்ன கஷ்டம் வந்தாலும், அம்மன் சொன்னா, அவ பாத்துக்குவான்னு இருந்திருப்பேன்."

"இப்பவும் நில்லேன். நான் சொல்றேன், நில்லு."

"நீ சொல்லி நின்னா, நாளைக்கி புள்ள பட்டினி கெடந்தா ஒன்னத்தான் குத்தம் சொல்லுவேன். நீ தாங்குவியா?"

"திரும்பிப் போவோம். ஒழுங்காக் கட்டித் திருப்பிக் கேப்போம்," என்றேன்.

"சாமி என்னா கடையா? ஏமாத்திட்டு மாத்திக் குடுன்னு போய் நிக்க?" ரோஜாவை என் கையில் வைத்தாள். "அம்மாகிட்ட சொல்லாத. ஒன் மூஞ்சியில முழிக்க மாட்டா. வயசான காலத்துல அதுக்கு நீதான் இருக்க."

வேனில் ஏறியதும் அவளே அம்மாவிடம் சொன்னாள். அம்மன் சொன்னது சரிதான், ஆனால் தான் போகத்தான் போகிறேன், விசா அடித்தாயிற்று. அம்மா முதலில் நம்பவில்லை. பிறகு திட்டினாள். பிறகு ஹக்கலையிலிருந்து வீடுவரை வாயில் சேலையை வைத்து அழுதாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். இரண்டு வார்த்தை சொன்னால் போதும், அம்மாவின் அழுகை பாதி நின்றிருக்கும். ஒவ்வொரு வளைவிலும் அடுத்த வளைவில் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். வளைவுகள்தான் தீர்ந்துபோயின.

மூன்றாவது வாரம் அவள் போய்விட்டாள்.

இப்போது ஒரு வருடத்துக்கு மேலாகிறது. வெள்ளிக்கிழமைகளில் போன் பேசுவாள். குழந்தை முதலில் ஓடி வந்து பேசும், இப்போது கார்ட்டூன் ஓடினால் வர மாட்டேன் என்கிறது. அங்கே அவளுக்குக் காய்ச்சல் என்றாலும், சூடான எண்ணெய் கையில் பட்டது என்றாலும், அம்மாவுக்கு ஒரே விளக்கம்தான்: அம்மன் கோபம். சொல் தட்டிப் போனாளே, சும்மா விடுவாளா? இதைக் கேட்கும்போதெல்லாம் வாய்வரை வருகிறது. அம்மாவிடம் சொன்னால் அவளுடைய பயம் போய்விடும், ஆனால் அவளுக்கு நானும் இல்லாமல் போய்விடுவேன். சொல்லாமல் இருப்பதற்குத் தங்கச்சி சொன்ன காரணத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். உண்மையில் அது என் பயம்.

போன மாதம் அம்மா மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அடம் பிடித்தாள். பஸ்ஸில் கூட்டிப்போனேன். எலுமிச்சம்பழம், வாந்தி, வெலிமடையில் பஸ் மாறி மறுபடி வாந்தி. கோயிலில் கூட்டமில்லை. அம்மா அம்மனுக்கு நேராக முழங்கால் போட்டு, வாய்விட்டே பேசினாள்.

"தாயி, எளையவ மேல கோவிச்சுக்காத. அறியாத புள்ள, திமிருல போயிட்டா. மூத்தவ மாதிரி அவ சொல் கேக்கிறவ இல்ல."

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீயும் தங்கச்சிக்காகக் கேளு. நீ கேட்டா அவ கேப்பா."

நான் அம்மா பக்கத்தில் முழங்கால் போட்டேன். கையைக் கூப்பினேன். அம்மா காத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.