சின்யோரின் படக்கதைகள்

சின்யோரின் படக்கதைப் புத்தகங்களைக் குப்பையில் போட்டது நான்தான். அவருடைய தாய் இல்லை.

மூன்று வருசமாய் ஒருவருக்கும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

இத்தாலியில், பலெர்மோவில் எண்பது தாண்டிய ஒரு கிழவரைப் பராமரிக்கிறேன். சின்யோர், ஐயா மாதிரி, அப்படித்தான் கூப்பிடுவேன். குளிக்க வார்ப்பேன். சாப்பாடு தீத்துவேன்.

அவர் சிறுபிள்ளையாய் இருந்த காலத்தில், படக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்குது என்று கோயிலில் பிரசங்கம் வைத்தார்களாம். கதையில் வருகிற முகமூடிக்காரனும் தோழனும் ஒரே கூடாரத்தில் படுக்கிறார்கள், அதுக்குள்ளே வேறு அர்த்தம் ஒளிந்திருக்குது என்று பங்குச் சுவாமி சொன்னாராம். தாய் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டு எரித்தாவாம். இவர் வளர்ந்த பிறகு அதே புத்தகங்களை ஒவ்வொன்றாய்த் தேடி வாங்கிக் கட்டிலடியில் ஒரு பெட்டியில் சேர்த்திருக்கிறார்.

“மழைக்கு வேறை எங்கை படுக்கிறது, மேரி?” என்று சொல்லிச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு இத்தாலியன் வாசிக்கத் தெரியாது. படம் மட்டும்தான். அதுவரைக்கும் குதிரையும் சுடுகிற துவக்கும்தான் கண்டேன். அதுக்குப் பிறகு... அந்த இரண்டு பேரின் கையும் எங்கே இருக்குது என்றே பார்த்தேன்!

உயிர்த்த ஞாயிறு கிட்ட வந்தது. இஞ்சை சுவாமி வீடு வீடாய் வந்து தீர்த்தம் தெளிப்பார். கட்டிலடியில் அந்தப் புத்தகங்களைக் கண்டால் என்ன நினைப்பார்? கிழவரின் மானத்தைக் காக்கிறேன் என்று நினைத்தேன். இல்லை... என் மானத்தைத்தான்.

காலையில் தெருவிலுள்ள கடதாசிக் குப்பைத் தொட்டியில் கொட்டினேன். சுவாமி வந்தார். தெளித்தார். கோப்பி குடித்தார். கட்டில் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை!

படியிறங்கி ஓடினேன். தொட்டி வெறுமையாய் இருந்தது.

சின்யோருக்கு அப்போதே ஞாபகம் தடுமாறத் தொடங்கியிருந்தது. பெட்டியைத் திறந்தார். “அம்மா திரும்பவும் எரிச்சுப் போட்டா” என்றார். தேம்பித் தேம்பி அழுதார். நான் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

சுவரில் இருந்த தாயின் படத்தைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன்... அதையும் நானே செய்தேன்! இப்போது அலுமாரிக்குள் இருக்கிறா. அவரின் சட்டை எடுக்கும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறா. செத்த மனுசி, நான் செய்ததுக்குப் பேச்சு வாங்குகிறா.

சொல்லலாம்தானே என்று கேட்பீர்கள். போன கிழமை சாப்பாடு தீத்தும்போது சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்தார்.

“மேரி, அம்மா எரிக்கேக்கை நீ பார்த்துக்கொண்டு நிண்டிருப்பியோ?”

“நிண்டிருக்கமாட்டன், சின்யோர்.”

“எனக்குத் தெரியும்” என்றார். வாயைத் திறந்தார். அடுத்த கரண்டியைத் தீத்தினேன்.