எஸ்தரின் இடது கை

போன வாரம் அருப்புக்கோட்டையில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் மெல்லிசாகப் பியானோ ஓடிக்கொண்டிருந்தது. நாலு சுரம் கேட்டதுமே டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பல் இன்னும் வலிக்கிறது. உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்.

என் மனைவி எஸ்தர் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பியானோ டீச்சர். நான் திருச்சுழி தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட். நமக்குப் பாட்டென்றால் பஸ்ஸில் போடுவதுதான். சாயங்காலம் கரிசல் புழுதியோடு வீட்டுக்குள் நுழைந்தால் முகம் கழுவக்கூட விடமாட்டாள். கீபோர்டு பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சின்ன மெட்டு வாசிப்பாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் பாடிவிடும். அப்புறம் அதையே பொடிப்பொடிச் சுரங்களாக உடைத்து ஓடவிடுவாள். அப்புறம் ஒரு சுரத்தை மட்டும் அரைச் சுரம் கீழே இறக்குவாள். சிரித்துக்கொண்டிருந்த மெட்டு அழும்.

"இது வேற பாட்டுல்ல?"

"அதேதாங்க. வேரியேஷன்னு சொல்லுவாக. மேலதான் உடுப்பு மாறுது. இடது கையக் கேளுங்க, அது பாட்டுக்கு நடந்து போகுது."

கேட்டதுபோலத் தலையாட்டுவேன். எனக்குக் கேட்டதெல்லாம் வயிற்றுச் சத்தம்தான்.

ஒருநாள் வகுப்பிலேயே விழுந்துவிட்டாள். பக்கவாதம். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல வலது கை மடியில் கிடந்தது.

மூன்று மாதம் கீபோர்டு மேல் போட்ட துண்டை எடுக்கவிடவில்லை. பிறகு ஒரு மத்தியானம் அவளே சொன்னாள்: "என்னைய அங்கன உக்கார வைங்க."

இடது கையால் மட்டும் வாசித்தாள். கீழ்ச் சுரங்கள், நிதானமாக.

"என்ன கேக்குது?"

"அந்த மெட்டுதான்."

"நான் மெட்ட வாசிக்கவே இல்லையேங்க." வாய் கோணச் சிரித்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அன்றுதான் எனக்கு அந்த இடது கை கேட்டது.

மறுநாளிலிருந்து வலது பக்கம் நான் உட்கார்ந்தேன். ஒற்றை விரலால் மெட்டு. "ஆபீஸ் லெட்டரா அடிக்கிறீக?" என்பாள். நான் தடுமாறினால் அவள் கை எனக்காக நின்று காத்திருக்கும். ஐப்பசி வரை அப்படி வாசித்தோம். அந்த மாதம் பக்கவாதம் இரண்டாம் தடவை வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை தாங்கவில்லை.

கீபோர்டைப் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துவிட்டேன். அவள் வாசித்ததை ஒருநாளும் பதிவு செய்யத் தோன்றவில்லை. நாளைக்கும் வாசிப்பாள் என்றிருந்தேன். என் போனில் அவள் குரல் ஒன்றே ஒன்று மிச்சம்: "வரும்போது பால் வாங்கிட்டு வாங்க." பின்னாலே ஒரு சுரமாவது விழுந்திருக்குமா என்று காதோடு ஒட்டிவைத்துக் கேட்டுப் பார்க்கிறேன். ஃபேன் சத்தம்தான்.