தொப்பையடுப்பும் வீரய்யாவின் பயமும்

ஹந்தானை மலைத் தேயிலைத் தோட்டத்தில், கூலிச் சனங்களின் வரிசை வீடுகளான மேல் லயத்து வீரய்யாவைப் போல் ஒரு பயந்தாங்கொள்ளியைத் தேடினாலும் கிடைக்காது. இட்டுக்கட்டிய பேச்சில்லை. அவன் பெண்சாதி வேலாயியே பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அட்டைக்குப் பயம். இடிக்குப் பயம். தோட்டத் துரையின் நாய்க்குப் பயம். பெரிய கங்காணி காளிமுத்துவின் பிரம்பைக் கண்டால் கால் இரண்டும் வெடவெடக்கும். எல்லாவற்றுக்கும் மேலே நெருப்பு. சின்னப் பிள்ளையாகத் தெல்தோட்டையில் இருந்த காலத்தில் ஒரு லயம் முழுதாகப் பற்றி எரிந்ததைக் கண்ணால் பார்த்தவன் அவன். இப்போது வேலாயி சோறு பொங்க அடுப்பு மூட்டினால்கூட வீடென்று இருந்த ஒற்றை அறைக் காம்பராவை விட்டு எழுந்து, முன் திண்ணையான இஸ்தோப்பில் போய் உட்கார்ந்துகொள்வான்.

அப்பேர்ப்பட்டவனுக்கு எந்த வேலை வாய்த்தது தெரியுமா? துரை பங்களாவில் தீ மூட்டுகிற வேலை! முன்பிருந்த தோட்டக்காரன் பயம் என்றால் என்னவென்று தெரியாதவன். சருகு எரிக்கப் போய்ப் பங்களாப் புல்தரையில் இருந்த ஓலைக் கொட்டகையைப் பாதி கருக்கிவிட்டான். நெருப்புக்குப் பயந்த ஆள்தான் வேண்டும் என்று துரை ஒற்றைக் காலில் நின்றார். கங்காணி யோசிக்கவே இல்லை, வீரய்யாவைப் பிடித்துத் தள்ளிவிட்டார்.

துரை எந்தத் தேசத்திலோ பார்த்து ஆசைப்பட்ட சாமான் ஒன்று அங்கே வந்து இறங்கியது. களிமண் அடுப்புத்தான். ஆனால் பானை மாதிரிப் பெருத்த வயிறு, விறகு வைக்க வயிற்றிலே ஒரு வாய், புகை போக மேலே நீண்ட கழுத்து. சாயந்தரத்தில் புல்தரையில் கதிரையைப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்து துரை குளிர்காய வேண்டும். படம் கீறிக் கொடுத்து, கண்டிக்கு அப்பால் ஒரு குயவர் கிராமத்தில் செய்வித்திருந்தார். லயத்துச் சனங்கள் தொப்பையடுப்பு என்று பேர் வைத்துவிட்டார்கள்.

முதல் அடுப்பு வந்த அன்றைக்கே போய்ச் சேர்ந்தது. மழையில் நனைந்து வந்ததை அப்படியே வைத்து, துரை பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்ற பதற்றத்தில் வீரய்யா வாய் நிறைய விறகைத் திணித்து மூட்டினான். படார் என்று வயிறு பிளந்தது. துரை கத்திய கத்தலில் அவனுக்கு அன்றிரவு காய்ச்சலே வந்துவிட்டது.

அடுத்ததைத் தெரிவுசெய்ய அவனையே அனுப்பினார்கள். அடேயப்பா, அவன் அந்தக் குயவனைப் படுத்திய பாடு! ஒவ்வோர் அடுப்பையும் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான். பொத்தென்று ஒலித்ததைத் தள்ளி வைத்தான். கழுத்துக்குள் கண்ணை விட்டு வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தான். தரையில் வைத்து ஆட்டிப் பார்த்தான். சுவர் தடித்தது, அடி அகன்றது, தட்டினால் கணீரென்று கேட்பது, அதுதான் வேண்டும். அடுப்பு வாங்க வந்தாயா, பெண் பார்க்க வந்தாயா என்று குயவன் சிங்களத்தில் கேட்டுச் சிரித்தான். வீரய்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு அவன் அந்த அடுப்பைப் பார்த்துக்கொண்ட விதத்தைச் சும்மா சொல்லக் கூடாது. சமமான கல் மேல் அசையாமல் இருத்தினான். நெருப்பு நேரே மண்ணில் படாதபடி வயிற்றுக்குள் ஆற்றுமணல் போட்டான். முதல் சில நாட்கள் சுள்ளி மட்டும் வைத்து, சின்னத் தீயாக மூட்டி, தானாக ஆறவிட்டுப் பழக்கினான். நன்றாகக் காய்ந்த விறகைத் தவிர வேறெதையும் கிட்டே விடமாட்டான். எரிகிற அடுப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்கமாட்டான். ஆறிய பின்னால்தான் சாக்கைப் போட்டு மூடுவான். பொறி பறக்காமல் இருக்கக் கழுத்தின் மேல் கம்பி வலைத் துண்டு, பக்கத்தில் எப்போதும் ஒரு வாளி மணல். துரை சொன்ன கட்டளை ஒன்றே ஒன்றுதான்.

“கூரைக்குக் கீழ வைக்காதே. எப்பவும் வைக்காதே.”

ஏன் என்று துரையிடம் கேட்கிற வழக்கம் தோட்டத்தில் கிடையாது. ஓலைக் கொட்டகை கருகிய கதை தெரிந்ததால், பொறி பறந்து கூரை பற்றிக்கொள்ளும் என்பதற்காகத்தான் சொல்கிறார் என்று வீரய்யா தானே முடிவு கட்டிக்கொண்டான். பின்னொரு நாள் கழுத்து விளிம்பில் ஒரு சில்லு உடைந்தது. துரை வேறு அடுப்புச் செய்யச் சொல்லிவிட்டு, இதைத் தூக்கிப் போடு என்றார். தூக்கிப் போட மனம் வருமா? தலையில் சுமந்து லயத்துக்குக் கொண்டு வந்தான்.

இனி அவனுடைய பெரிய பயத்துக்கு வரவேண்டும். வேலாயி பெற்ற இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இரண்டும் மார்கழிப் பனியில் பிறந்தவை. பத்து நாள் காண்பதற்குள் நெஞ்சு இழுத்துப் போய்விட்டன. காற்றுப் புகுந்துவிட்டது, கதவைச் சரியாக அடைக்கவில்லை என்றாள் மருத்துவச்சி பாலம்மா. அந்தச் சொல் வீரய்யாவின் நெஞ்சில் ஆணியாக இறங்கிவிட்டது. மூன்றாவது பிள்ளையும் மார்கழியிலேயே வந்து நின்றால் அவன் என்னதான் செய்வான், பாவம்?

ஆண்பிள்ளை பிறந்தது. தலைமாட்டில் கனல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெற்றவளுக்கு ஜன்னி கண்டுவிடும், பிள்ளைக்குக் குளிர் ஏறிவிடும் என்றாள் பாலம்மா. எல்லா வீட்டிலும் உடைந்த சட்டியில் தணல் அள்ளி வைப்பார்கள். சட்டி கவிழ்ந்து பாய் பற்றிக்கொண்டால்? வீரய்யா சட்டியே வேண்டாம் என்றுவிட்டான். சட்டியை விடத் தொப்பையடுப்பு எவ்வளவோ மேல். நெருப்பு அதன் வயிற்றுக்குள்ளேயே கிடக்கும் என்று பட்டது. துரையின் கட்டளை நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் கரித்தணலில் பொறி ஏது? கூரையும் ஓலை இல்லையே, தகரம்தானே?

பங்களாவில் சமைக்கிற கோக்கியிடம் கெஞ்சி ஒரு சாக்குச் சிரட்டைக்கரி வாங்கி வந்தான். அடுப்பைக் காம்பராவுக்குள் வைத்து, அடியில் கல் கொடுத்து, மணல் பரப்பி, கழுத்தில் வலை போட்டு, துணிமணியெல்லாம் தள்ளி வைத்துவிட்டான். நெருப்பு எந்த வழியாக வரும் என்று அவன் எண்ணிப் பார்க்காத வழியே இல்லை. பிறகு காற்று வரும் வழிகளைப் பார்த்தான். சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாகத்தான் எந்நாளும் அடுப்புப் புகை வெளியே போகும். அதிலே சாக்கைச் சுருட்டிச் செருகினான். கதவிடுக்கிலும் செருகினான். ஒரு கொசு நுழைய இடமில்லை. பாலம்மா பார்த்துவிட்டு, இந்தத் தடவைதான் உனக்குப் புத்தி வந்திருக்கிறது என்று மெச்சினாள்.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் தூறல் பிடித்தது. அதுவரைக்கும் கொஞ்சமாகக் கனிந்துகொண்டிருந்த அடுப்பில் கரியை நிறைய அள்ளிப் போட்டுவிட்டுப் பாலம்மா கீழ் லயத்துக்குச் சாப்பிடப் போனாள். போகும்போது, அடுப்பு வைக்க உள்ளே வந்தது போதும், இனித் தீட்டுக் கழியும் வரைக்கும் ஆம்பிளை உள்ளே தலை நீட்டக்கூடாது, கதவைத் திறந்தாயோ பிள்ளையை நீயே கொன்றதாகும் என்று எச்சரித்துவிட்டுத்தான் போனாள். வீரய்யா இஸ்தோப்பில் கதவில் முதுகை வைத்து உட்கார்ந்திருந்தான்.

தலையை வலிக்கிறது என்று உள்ளிருந்து வேலாயி சொன்னாள். பெற்ற உடம்புக்கு அப்படித்தான் இருக்கும், படுத்துக்கொள் என்றான். பிள்ளை கொஞ்சம் சிணுங்கியது. பிறகு சிணுங்கவில்லை. தூங்குகிறது என்று முதலில் நிம்மதியாக இருந்தது. நேரம் போகப் போக அந்த நிம்மதியே அவனை உறுத்தத் தொடங்கியது. நேற்றெல்லாம் சும்மா சும்மா பாலுக்கு அழுத பிள்ளை இவ்வளவு நேரமா தூங்கும்?

“வேலாயி, பிள்ளைக்குப் பால் குடுத்தியா?”

மறுபடி கேட்டான். அப்புறம் உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. நாக்குத் தடித்த, இழுத்து இழுத்துப் பேசுகிற குரல்.

“வீரய்யா... டேய் வீரய்யா... வெளக்க ஏன்டா அமத்துன?”

அவனுக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. கல்யாணமான நாளிலிருந்து வேலாயி அவன் பேரை வாயால் சொன்னதில்லை. கணக்கப்பிள்ளை புருஷன் பேரைக் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்துச் சொல்லச் சொல்வாள். இப்போது டேய் என்கிறாள். விளக்கு எங்கே அணைந்தது? பகல் வெளிச்சத்தில் விளக்கு ஏது? பேய் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தான். எழுந்து ஓடிப் பூசாரியைக் கூப்பிட வேண்டும் போல் இருந்தது. ஓடவும் முடியவில்லை, கால் தரையோடு ஒட்டிக்கொண்டது.

ஓடியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவனை நிறுத்தியது வீரம் ஒன்றுமில்லை. இரண்டு பிள்ளைகளைத் துணியில் சுற்றித் தேயிலைக் காட்டு ஓரத்தில் புதைக்க எடுத்துப் போன கை அவனுடையது. மூன்றாவதையும் அப்படி எடுத்துப் போக வேண்டுமே என்ற பயம் பேய்ப் பயத்தை விடப் பெரிதாக வந்து முட்டியது. கதவைத் தள்ளினான்.

புகை இல்லை. நெருப்புப் பற்றவில்லை. அடுப்பின் வயிற்றில் கரி செக்கச்செவேல் என்று அழகாகக் கனிந்துகொண்டிருந்தது. வேலாயி பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள், வாயோரம் வாந்தி. அவள் கையணைப்பில் பிள்ளை துவண்டு கிடந்தது. குனிந்து அவளை இழுக்கும்போதே அவனுக்குத் தலை கிர்ரென்று சுற்றியது. முழங்கால் மடங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையை மார்போடு இடுக்கி, பாயோடு சேர்த்துப் பெண்சாதியை இழுத்துக்கொண்டு எப்படியோ இஸ்தோப்பைத் தாண்டி முற்றத்தில் விழுந்தான். ஈரக்காற்று முகத்தில் பட்டதும் சுற்றல் கொஞ்சம் தெளிந்தது. அந்த இடத்தில்தான் அவனுக்கு ஒன்று விளங்கியது. ஏதென்று பேர் சொல்லத் தெரியாது, ஆனால் பொல்லாதது கனலோடு சேர்ந்து அந்த மூடிய காம்பராவுக்குள்ளேதான் இருந்தது. கூரைக்குக் கீழே வைக்காதே என்று துரை சொன்னது பொறிக்காக மட்டும் இல்லை.

பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த சனங்கள் கூடிவிட்டார்கள். பாலம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பச்சை உடம்புக்காரியைத் தூறலில் போட்டுவிட்டான் பாவி, இரண்டைக் கொன்றது பத்தாது என்று மூன்றாவதையும் காற்றுக்குக் கொடுக்கிறான் என்று கூவினாள். தீட்டுக்காரியை வேறு எந்தக் காம்பராவிலும் ஏற்கமாட்டார்கள். பெண்கள் வேலாயியைப் பாயோடு தூக்கி உள்ளே கொண்டு போக வந்தார்கள். கனல் இருக்கிற இடத்துக்கு, சூட்டுக்கு, சாவுக்கு.

வீரய்யா பிள்ளையை வேலாயியின் மார்பில் கிடத்திவிட்டு, எழுந்து போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றான். உள்ளே இருப்பது ஆகாது, அடுப்பை எடுத்துக் காற்றாட விட்ட பிறகுதான் போகலாம் என்றான். யார் காதில் ஏறும்? பேய் இவனையும் பிடித்துவிட்டது என்றார்கள். ஆளை அனுப்பிக் கங்காணியைக் கூட்டி வந்தார்கள்.

கூட்டம் விலகியது. காளிமுத்துக் கங்காணி பிரம்போடு வந்து நின்றார். வீரய்யாவின் கால் நடுங்கிய நடுக்கத்தில் கதவே சேர்ந்து ஆடியது.

“தள்ளு,” என்றார்.

“அடிங்க ஐயா. உள்ள மட்டும் போக விட மாட்டேன்.”

அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. கங்காணியிடம் இதுவரைக்கும் அவன் இல்லை என்ற சொல்லைச் சொன்னது கிடையாது. பிரம்பு ஓங்கியது. அந்த நேரம் பாயிலிருந்து முனகல் மாதிரி ஒன்று எழும்பியது. பிள்ளையா, வேலாயியா, தெரியவில்லை. வீரய்யா கழுத்தைத் திருப்பிக் காதைக் கூர்மையாக்கினான். அடி தோளில் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. அவன் அசையவில்லை, இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்தபடி, பாலம்மாவின் ஒப்பாரிக்கு நடுவே அந்தச் சத்தம் இன்னொரு தடவை கேட்காதா என்று பாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வேலாயி மெல்லக் கண் திறந்தாள். ஒருவரையும் பார்க்கவில்லை. கையால் தடவித் தடவிப் பிள்ளையைத் தேடினாள். தூறல் முகத்தில் விழுந்த பிள்ளை ஒரு தடவை இழுத்து மூச்சு வாங்கி, அந்த லயம் முழுக்கக் கேட்கும்படி வீரிட்டு அழுதது.