பஸ்ரியனின் யூதாஸ் வேசம்

பள்ளிமுனையில் யூதாஸ் வேசம் கட்டப் பஸ்ரியனை விட்டால் ஆளில்லை. தவக்காலப் பாஸ்கு நாடகத்தில் அவன் ஆண்டவரை முத்தமிடப் போகும்போது பெண்டுகள் "நாசமாப் போவான்!" என்று மண்ணள்ளித் தூற்றுவார்கள். அவனுக்கு அது பெருமை. வேறு வேசம் தந்தாலும் வாங்கமாட்டான், மடையன்.

அறுபத்தெட்டாம் ஆண்டு பாஸ்கு முடிந்த அடுத்த வாரம் அவனும் கூட்டாளி வலன்ரைனும் மீன்பிடிக்கப் போன வள்ளம் காலையில் கவிழ்ந்தது. இருவரும் அதைப் பிடித்துக்கொண்டு வெயிலில் கிடந்தார்கள். பொழுது சாய அரிப்பு ஊர் ஆட்கள் வந்து தூக்கியபோது பஸ்ரியன் மட்டும்தான் இருந்தான். வலன்ரைனின் பிடி எப்போது விட்டதென்று அவன் காணவில்லை. அரை மயக்கம்.

ஊருக்கு இது போதவில்லை. "காணேல்லையாம்! கையைத் தட்டிவிட்டிருப்பான். யூதாஸ்தானே!" என்று ஒருத்தன் பகிடி விட்டான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு வருசத்துக்குள் பகிடி போய்ச் சாட்சி வந்தது. வலன்ரைன் நாலு விரலால் பலகையைப் பற்றியதும், "மச்சான், விடாதை" என்று கெஞ்சியதும், கரையில் நின்றவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. பஸ்ரியன் அடிக்கப் போனான். கோயிலில் சத்தியம் பண்ணினான். பிறகு வாயைப் பொத்திக்கொண்டான்.

வலன்ரைனின் பெண்சாதி றஞ்சிதம் மட்டும் அதை நம்பவில்லை. "பஸ்ரியன் தம்பி தன்ரை உயிரைக் குடுத்தெண்டாலும் அவரைக் காப்பாத்தியிருப்பார்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். முப்பது வருசம் அந்த ஒரு சொல்லில்தான் அவன் தலைநிமிர்ந்து நடந்தான்.

அவள் சாகக்கிடந்தபோது ஆளனுப்பி அவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நான் உங்களை ஒருநாளும் சந்தேகப்படேல்லை. அவர் எப்பிடிப் போனவரெண்டு உங்கடை வாயாலை ஒருக்காச் சொல்லுங்கோ. கேட்டிட்டுக் கண்ணை மூடுறன்."

"ஓம் அக்கா" என்று தொடங்கினான். அந்த நாளை நினைத்துப் பார்த்தான். வெயில் தெரிந்தது. பலகையில் நாலு விரல் தெரிந்தது. "மச்சான், விடாதை" என்ற குரல் காதுக்குள் கேட்டது. பிறகு தன் கை அந்த விரல்களை நோக்கிப் போவதும் தெரிந்தது. ஐயோ மாதாவே, இது கண்டதா, ஊர் சொல்லிக் கேட்டதா? தான் முதலில் சொன்ன கதையை உள்ளுக்குள் தேடித் தேடிப் பார்த்தான். சொற்கள் இருந்தன. காட்சி ஒன்றும் இல்லை.

"சொல்லுங்கோ, தம்பி."

பொய் சொல்லவும் வாய் வரவில்லை. எது பொய் என்று தெரிந்தால்தானே?

"தெரியேல்லை அக்கா" என்று அழுதான். "தட்டிவிட்டனானோ எண்டு எனக்கே தெரியேல்லை."

றஞ்சிதம் அவனையே பார்த்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டு, இவரை வெளியிலை போகச் சொல்லு என்றாள்.